ரெமிங்டன் 870-ஆ, மாஸ்பெர்க் 500-ஆ? அமெரிக்க வீடுகளின் ‘பம்ப் ஆக்‌ஷன்’ துப்பாக்கிகளில் என்ன வித்தியாசம், எது முக்கியம்?

பைக் பிரியர்கள் நாலு பேர் கூடினால் பல்சரா, அப்பாச்சியா என்று ஒரு விவாதம் கிளம்பும் இல்லையா? அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளிலும் அப்படியொரு தீராத விவாதம் உண்டு. ‘ரெமிங்டன் 870 வாங்கலாமா, மாஸ்பெர்க் 500 வாங்கலாமா?’ என்பதுதான் அது. இரண்டுமே ‘பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்’ வகையைச் சேர்ந்தவை. இரண்டுமே தலா ஒரு கோடிக்கு மேல் தயாரானவை.

இவற்றை வாங்குவது போலீஸும் ராணுவமும் மட்டுமல்ல. வாத்து வேட்டைக்குப் போகிற விவசாயி, வார இறுதியில் களிமண் தட்டைப் பறக்கவிட்டுச் சுடுகிற அலுவலக ஊழியர், ‘ராத்திரி யாராவது கதவை உடைத்தால் என்ன செய்வது?’ என்று பயப்படுகிற குடும்பஸ்தர் எனப் பலரும் வாங்குகிறார்கள். அமெரிக்காவில் பெரியவர்களில் 32 சதவீதம் பேர் தங்களிடம் துப்பாக்கி இருப்பதாக, 2023-ல் பியூ ஆய்வு மையம் நடத்திய கணக்கெடுப்பில் சொன்னார்கள். அவர்களில் 72 சதவீதம் பேர் சொன்ன முக்கியக் காரணம் பாதுகாப்பு. வேட்டை என்று சொன்னவர்கள் 32 சதவீதம்தான்.

அப்போ, தினசரி பயன்பாட்டுக்கு எது நல்லது? பதில் துப்பாக்கியின் பெயரில் இல்லை என்பதுதான் இதில் சுவாரஸ்யம்.

‘பம்ப் ஆக்‌ஷன்’ என்றால் என்ன?

நம் ஊரில் வங்கி வாசலிலும் பணம் ஏற்றிச் செல்லும் வேனிலும் காவலாளி தோளில் தொங்கும் நீளத் துப்பாக்கியைப் பார்த்திருப்போம். ஒற்றைக் குழல் அல்லது இரட்டைக் குழல் ‘12 போர்’ துப்பாக்கி அது. குழலை மடக்கித் திறந்து, தோட்டாவைப் போட்டு, மூடிச் சுட வேண்டும். இரட்டைக் குழல் என்றால் இரண்டு முறை சுட்டதும் மறுபடி மடக்க வேண்டும்.

பம்ப் ஆக்‌ஷனில் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் காத்திருக்கும். அந்தக் குழாயைச் சுற்றி முன்னும் பின்னும் நகரும் கைப்பிடி ஒன்று உண்டு. அதைப் பின்னால் இழுத்தால் சுட்டு முடித்த தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறி, பூட்டிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிப்பது போன்ற அசைவு. பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

இதன் பலம், எல்லா வேலையையும் கையே செய்வது. தானியங்கி ரகத்தில் தோட்டாவின் வேகத்தைக் கொண்டுதான் அடுத்த தோட்டா ஏறும். தோட்டா மென்மையாக இருந்தால் சில நேரம் சிக்கிக்கொள்ளும். பம்ப்பில் அந்தப் பிரச்சினை இல்லை. லேசான பயிற்சித் தோட்டா, கனமான வேட்டைத் தோட்டா எது போட்டாலும் ஓடும். விலையும் குறைவு.

பலவீனமும் அதே கைதான். பதற்றத்தில் முழுசா இழுக்காமல் பாதியில் முன்னால் தள்ளிவிட்டால் அடுத்த தோட்டா ஏறாது, அல்லது நடுவில் மாட்டிக்கொள்ளும். புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். கூடவே, இதற்கு இரண்டு கையும் வேண்டும்.

12 கேஜ், 20 கேஜ்... இந்தக் கணக்கு என்ன?

ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டையின் விட்டம்தான் 12 கேஜ் குழலின் விட்டம். சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டையாக்கினால் ஒவ்வொன்றும் சிறிசாகும் அல்லவா? அதனால் 20 கேஜ் குழல் சுமார் 15.6 மில்லிமீட்டர்தான். எண் கூடக் கூட குழல் சின்னதாகும்.

தோட்டாவுக்குள் இருப்பதும் மாறும். பறவை வேட்டைக்கான தோட்டாவில் 2, 3 மில்லிமீட்டர் அளவில் நூற்றுக்கணக்கான சிறு குண்டுகள். மான் வேட்டைக்கான ‘பக்‌ஷாட்’ தோட்டாவில் சுமார் 8.4 மில்லிமீட்டர் அளவில் பொதுவாக 8 அல்லது 9 குண்டுகள். ‘ஸ்லக்’ என்றால் சுமார் 28 கிராமில் ஒரே பெரிய குண்டு. ஒரே துப்பாக்கி பல வேலைக்கு உதவுவது இதனால்தான்.

20 கேஜ் தோட்டாவின் கூடு மட்டும் வழக்கமாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். இது அழகுக்காக இல்லை. 12 கேஜ் துப்பாக்கியில் தவறுதலாக 20 கேஜ் தோட்டாவைப் போட்டால், அது குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் நின்றுவிடும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. பின்னால் 12 கேஜ் தோட்டாவை ஏற்றிச் சுட்டால் குழலே வெடிக்கும். இரண்டு அளவுத் துப்பாக்கியும் உள்ள வீட்டில் தோட்டாக்களை ஒரே பையில் கலந்து வைக்கக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான்.

ரெமிங்டன் 870: எஃகு உடம்பு

1950-ல் அறிமுகமான மாடல் இது. நடு உடம்பான ‘ரிசீவர்’ எஃகுக் கட்டியைக் கடைந்து செய்யப்படுகிறது. அதனால் கையில் கனமாக, இழுக்கும்போது வழவழப்பாக இருக்கும் என்பது ரசிகர்களின் பேச்சு. சேஃப்டி பட்டன் விசைக்குப் பின்னால் குறுக்காக இருக்கும். வலது கைக்காரருக்கு விரலுக்கு எட்டும் இடம். இடது கைக்காரருக்கு அது அவ்வளவு வசதியில்லை.

‘விங்மாஸ்டர்’ என்பது மெருகூட்டிய உயர்ரகம். 1987-ல் வந்த ‘எக்ஸ்பிரஸ்’ மலிவு ரகம். எக்ஸ்பிரஸின் சொரசொரப்பான பூச்சு, துடைத்து எண்ணெய் போடாவிட்டால் சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்ற புகார் பரவலாக உண்டு.

நிறுவனத்தின் கதையும் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியதே. 1816-ல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய ரெமிங்டன், 2018-லும் 2020-லும் திவால் மனு போட்டது. பிறகு துண்டு துண்டாக விற்கப்பட்டது. துப்பாக்கிப் பிரிவு ‘ரெம்ஆர்ம்ஸ்’ என்ற பெயரில் தொடர்கிறது. இலியன் ஊரிலிருந்த பழைய ஆலை 2024-ல் மூடப்பட்டு, தயாரிப்பு ஜார்ஜியா மாநிலத்துக்கு மாறியது. அதனால் ‘870’ என்ற ஒரே பெயரில் வெவ்வேறு காலத்து, வெவ்வேறு தரத்துத் துப்பாக்கிகள் சந்தையில் இருக்கின்றன. பழையது வாங்குபவர் எந்த ஆண்டு தயாரிப்பு என்று பார்ப்பது நல்லது.

மாஸ்பெர்க் 500: கட்டைவிரலுக்கு வசதி

ஸ்வீடனிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஆஸ்கர் மாஸ்பெர்க், தன் இரு மகன்களுடன் 1919-ல் தொடங்கிய நிறுவனம் இது. 500 மாடல் 1960-களின் தொடக்கத்தில் வந்தது.

இதன் ரிசீவர் அலுமினியக் கலவை. ‘அலுமினியமா? அப்போ பலமில்லையே’ என்று தோணலாம். ஆனால் சுடும்போது வரும் அழுத்தத்தைத் தாங்குவது ரிசீவர் அல்ல. உள்ளே நகரும் எஃகுப் பகுதி, எஃகுக் குழலின் நீட்சியிலேயே போய்ப் பூட்டிக்கொள்கிறது. அதனால் எடை குறைவு என்பதைத் தவிர நடைமுறையில் பெரிய குறை இல்லை. துருவும் பிடிக்காது.

சேஃப்டி பட்டன் ரிசீவரின் மேல்பக்கம், கட்டைவிரல் இருக்கும் இடத்தில். வலது கை, இடது கை இருவருக்கும் ஒரே வசதி. பட்டனை முன்னால் தள்ளினால் சிவப்புப் புள்ளி தெரியும், சுடத் தயார் என்று அர்த்தம். ஆனால் பின்கட்டைக்குப் பதிலாக பிஸ்டல் பாணிப் பிடி போட்டால் இந்த வசதி போய்விடும். கட்டைவிரல் எட்டாது.

இன்னொரு சின்ன விஷயம். அடியிலிருந்து தோட்டா போடும்போது 870-ல் ஒரு தகடு குறுக்கே நிற்கும், அதைக் கட்டைவிரலால் மேலே தள்ள வேண்டும். 500-ல் அந்தத் தகடு தானாகவே மேலே ஏறி நிற்கும். கூட்டை வெளியே தள்ளும் பாகம் தேய்ந்தால் 500-ல் ஒரு திருகாணியைக் கழற்றி மாற்றிவிடலாம். 870-ல் அது ரிவிட் அடிக்கப்பட்டது, மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

மற்ற ரகங்கள்

மாவெரிக் 88: மாஸ்பெர்க்கின் மலிவுப் பதிப்பு. பல பாகங்கள் 500-க்குப் பொருந்தும். சேஃப்டி பட்டன் மட்டும் விசைக்குப் பக்கத்தில் குறுக்காக இருக்கும். ‘காசு குறைவு, வேலை அதே’ என்று பெயர் வாங்கிய மாடல்.

மாஸ்பெர்க் 590: 500-ன் கடினமான உறவுக்காரர். 590ஏ1 ரகம் தடித்த குழலுடன் ராணுவத்துக்காக உருவானது. வேட்டைக்காரருக்கு அந்தக் கூடுதல் எடை சுமைதான்.

இதாக்கா 37: 1937-ல் வந்தது. காலிக் கூடு பக்கவாட்டில் பறக்காமல் அடியில் விழும். இடது கைக்காரரின் முகத்துக்கு முன்னால் எதுவும் பறக்காது.

பெனெல்லி நோவா: இத்தாலித் தயாரிப்பு. பின்கட்டையும் ரிசீவரும் சேர்ந்த ஒரே பாலிமர் உடம்பு. மழை, சேறு, உப்புக்காற்றில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்களின் விருப்பம்.

வேட்டைக்கு எது?

வேட்டைக்குப் பெரும்பாலும் 26 அல்லது 28 அங்குலக் குழல். நீளக் குழல் பறக்கிற இலக்கைத் தொடர்ந்து போக உதவும். வீட்டுக்கென விற்பது 18, 18.5 அங்குலம். 18 அங்குலத்துக்குக் கீழே போனால் 1934-ம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். ‘நானே அறுத்துக் குட்டையாக்கிக்கிறேன்’ என்பது நேராகக் குற்றவழக்கு. 870, 500 இரண்டிலும் சில நிமிடத்தில் குழலை மாற்றலாம் என்பதால், ஒரே துப்பாக்கியோடு இரண்டு குழல் சேர்த்தும் விற்கிறார்கள்.

வலசைப் பறவை வேட்டையில் துப்பாக்கிக்குள் மொத்தம் 3 தோட்டாதான் இருக்கலாம். அதற்காகத் தோட்டாக் குழாய்க்குள் ஒரு கட்டையைச் செருகுவார்கள். புதுத் துப்பாக்கியோடு வரும் அந்தக் குச்சியை ‘இது எதுக்கு?’ என்று தூக்கிப் போடுபவர்களும் உண்டு, அபராதம் கட்டுபவர்களும் உண்டு. நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுக்கு 1991 முதல் நாடு முழுவதும் தடை. ஏரியில் விழும் ஈயத்தைத் தின்று பறவைகள் நஞ்சாகிச் செத்ததுதான் காரணம்.

உடல்வாகும் முக்கியம். 12 கேஜ் தோளில் கொடுக்கிற உதை கடுமையானது. முதல் நாளே தோள் கன்றிப்போனவர் இரண்டாம் நாள் பயிற்சிக்கே வர மாட்டார். சின்ன உடம்புக்காரர்களுக்கு 20 கேஜும், குட்டையான பின்கட்டையும் பொருத்தம். இதற்கென்றே மாஸ்பெர்க்கில் ‘பேன்டம்’ என்ற குட்டை ரகம் உண்டு.

வீட்டுப் பாதுகாப்பு: மூன்று நம்பிக்கைகள்

2013 பிப்ரவரியில், அப்போது துணை அதிபராக இருந்த ஜோ பைடன் ஓர் இணைய உரையாடலில் ஷாட்கன் வாங்குங்கள் என்று யோசனை சொன்னார். ஏதாவது பிரச்சினை என்றால் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு பால்கனிக்கு வந்து இரண்டு முறை சுடும்படி மனைவியிடம் சொல்லியிருப்பதாகவும் கூறினார். ‘எங்கே போய் விழும் என்று தெரியாமல் சுடுவது ஆபத்து, சட்டப்படியும் சிக்கல்’ என்று உடனே எதிர்ப்பு கிளம்பியது. ஷாட்கன் பற்றி இதுபோல வேறு சில நம்பிக்கைகளும் ஊறிப்போயிருக்கின்றன.

முதலாவது, ‘குறி பார்க்கவே வேண்டாம், குண்டு பரவிப் போகும்’. தோராயமாக, ஒரு கஜம் தூரத்துக்கு ஓர் அங்குலம் என்பதுதான் பரவல் கணக்கு. ஒரு படுக்கையறையின் நீளத்தில் அது உள்ளங்கை அகலம்தான். குறி தப்பினால் மொத்தமும் தப்பும்.

இரண்டாவது, ‘அந்த ‘சரக்... சரக்’ சத்தம் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான்’. ஓடலாம், ஓடாமலும் இருக்கலாம். நீங்கள் இருக்கும் இடத்தை அவனுக்குக் காட்டிக்கொடுப்பது மட்டும் நிச்சயம். சத்தத்தை நம்பித் திட்டம் போடக் கூடாது என்பதே பயிற்சியாளர்களின் பொதுவான கருத்து.

மூன்றாவது, ‘ஷாட்கன் குண்டு சுவரைத் தாண்டாது’. அமெரிக்க வீடுகளின் உள்சுவர் நம் ஊர்ச் செங்கல் சுவர் இல்லை. மரச் சட்டத்தின் இரு பக்கமும் அடித்த ஜிப்சம் பலகைதான். பக்‌ஷாட் அதுபோன்ற பல சுவர்களைத் துளைத்துப் போகும். அடுத்த அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம். எந்த மாடல் வாங்கினாலும் இந்தச் சுவர் மாறப்போவதில்லை.

‘காலி’ என்று நினைத்த துப்பாக்கி

பம்ப் ஆக்‌ஷனுக்கே உரிய பொறி ஒன்று உண்டு. கைப்பிடியை இழுத்ததும் ஒரு தோட்டா வெளியே விழுகிறது. ‘சரி, எடுத்தாச்சு’ என்று முன்னால் தள்ளினால், குழாயில் மிச்சமிருந்த அடுத்த தோட்டா சத்தமில்லாமல் ஏறிவிடும். கையில் இருப்பது இப்போது சுடத் தயாரான துப்பாக்கி, மனசில் அது காலி. அதனால்தான் குழலின் அறையையும், தோட்டாக் குழாயையும் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டும் சரிபார்க்கச் சொல்கிறார்கள்.

சேஃப்டி பட்டனையும் முழுசா நம்ப முடியாது. 870, 500 போன்றவற்றில் அது விசையை மட்டுமே தடுக்கும். அறையில் தோட்டாவோடு துப்பாக்கி கீழே விழுந்து அடிபட்டால் வெடிக்க வாய்ப்புண்டு.

வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருப்பதே குழந்தைகளுக்கு மிகப் பாதுகாப்பானது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் நிலைப்பாடு. இருந்தே தீரும் என்றால் தோட்டாவை எடுத்துவிட்டு, பூட்டி வைத்து, தோட்டாவை வேறு இடத்தில் தனியாகப் பூட்டச் சொல்கிறது. சுமார் 46 லட்சம் அமெரிக்கக் குழந்தைகள், தோட்டா ஏற்றிய, பூட்டப்படாத துப்பாக்கி இருக்கும் வீட்டில் வாழ்கிறார்கள் என்று 2021-ல் நடந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

இன்னொரு எண் இதைவிடக் கனமானது. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கும் மேல், 26,328 பேர், தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனுக்காக வாங்கியது வீட்டில் இருப்பவரையே பறிக்கிறது என்பதுதான் இதன் அர்த்தம். வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால், அந்தக் காலத்துக்குத் துப்பாக்கியை வீட்டைவிட்டே வெளியேற்றி வைப்பது உயிர் காக்கும் முடிவு. அமெரிக்காவில் மனநல நெருக்கடியின்போது 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

நூற்றுக்கணக்கான டாலர் துப்பாக்கியோடு ஒப்பிட்டால், கூட்டை வெளித்தள்ளும் வாய் வழியே நுழைத்துப் பூட்டும் கேபிள் பூட்டு ஒன்றுமே இல்லாத செலவு. பல துப்பாக்கிகளின் பெட்டியிலேயே அது வரும். ‘புராஜெக்ட் சைல்டுசேஃப்’ திட்டத்தின் கீழ் இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் கேபிளை வெட்டிவிடலாம். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் இரும்பு அலமாரிதான் சரி.

எச்-1பி விசாவில் இருப்பவர் வாங்கலாமா?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கடையில் நிரப்பும் 4473 படிவத்திலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. தெரியாமல் ‘ஓகே’ போட்டுவிட்டேன் என்பது எடுபடாது. வழக்கோடு விசாவும் போகும். மாநிலத்துக்கு மாநிலம் விதிகளும் மாறும் என்பதால், நண்பர் சொன்னார் என்று இறங்காமல் வழக்கறிஞரைக் கேட்பது நல்லது.

மற்ற நாடுகளில் இதே துப்பாக்கி

ஆஸ்திரேலியாவில் 1996-ல் போர்ட் ஆர்தர் துப்பாக்கிச் சூட்டில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு, பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன் கடும் கட்டுப்பாட்டு வகைக்குப் போனது. விவசாயி போன்ற சிலருக்கு, காரணம் காட்டினால் மட்டும் கிடைக்கும்.

இந்தியாவில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்க முடியாது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கை 2019 திருத்தத்தில் 3-லிருந்து 2 ஆனது. தேர்தல் வந்தால் பலர் அதையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஆனாலும் பம்ப் ஆக்‌ஷன் நமக்கு அந்நியமில்லை. காஷ்மீரில் 2010 முதல் கூட்டத்தைக் கலைக்கப் பயன்பட்ட ‘பெல்லட் துப்பாக்கி’ இதே 12 கேஜ் பம்ப் ஆக்‌ஷன்தான். 2016-ல் அதன் சிறு குண்டுகளால் நூற்றுக்கணக்கானோர் கண்ணில் காயமடைந்தனர், பலர் பார்வையை இழந்தனர். பறவைக்கென்று செய்த குண்டு மனிதர்கள்மீது என்ன செய்யும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

சுருக்கமாக, எதைப் பார்க்க வேண்டும்?

* இடது கைக்காரர் என்றால் மாஸ்பெர்க் 500 அல்லது இதாக்கா 37. கனமான எஃகு உடம்பு பிடிக்கும் என்றால் ரெமிங்டன் 870. செலவு குறைய வேண்டும் என்றால் மாவெரிக் 88. ஈரத்தில் வேலை என்றால் பெனெல்லி நோவா.
* 12 கேஜின் உதை தாங்காதவருக்கு 20 கேஜ். தாங்க முடியாத துப்பாக்கியில் யாரும் பயிற்சி எடுப்பதில்லை.
* மிச்சம் பிடிக்கும் பணத்தைப் பளபளப்பான உதிரிபாகங்களில் போடாமல் பயிற்சி வகுப்பிலும் தோட்டாவிலும் போடுவது லாபம்.
* இரும்பு அலமாரிக்கும் பூட்டுக்கும் இடம், பணம் இரண்டும் இல்லை என்றால், துப்பாக்கி வாங்கும் நேரம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

இரண்டு மாடலும் அரை நூற்றாண்டுக்கு மேல் தங்களை நிரூபித்துவிட்டன. தோற்றுப்போவது பெரும்பாலும் பயிற்சி இல்லாத கையும், பூட்டாத அலமாரியும்தான்.